கிரென்ஃபெல் இரவில் போனை எடுத்தவர்கள்

2017 ஜூன் 14, நள்ளிரவு தாண்டி 12.54. மேற்கு லண்டன், வடக்கு கென்சிங்டன், கிரென்ஃபெல் டவர், 4-ஆம் மாடி, 16-ஆம் எண் வீடு. சமையலறையில் தீ என்று வீட்டுக்காரர் 999-க்குப் போன் செய்தார். 12.59-க்கெல்லாம் முதல் தீயணைப்பு வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அதுவரை அது லண்டனில் எந்த இரவிலும் வரக்கூடிய அழைப்புதான். ஃப்ரிட்ஜில் பிடித்த தீ, ஒரே வீடு, அணைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். 1.10 வாக்கில் தீ ஜன்னல் வழியாக வெளிச்சுவரின் உறைப் பலகைகளுக்குத் தாவியது. அரை மணி நேரத்துக்குள் கூரையைத் தொட்டுவிட்டது. 72 பேர் இறந்தார்கள்.

பாலிஎதிலீன் நடுவே வைத்த அந்த அலுமினியப் பலகைகளைப் பற்றியும் அவற்றை விற்றவர்கள், பொருத்தியவர்கள், அனுமதித்தவர்களைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணையின் முதல் அறிக்கை 2019 அக்டோபரிலும் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரிலும் வந்தன. இந்த ஆய்வு பார்ப்பது ஒரே ஒரு அறையை: அன்றிரவு 999 அழைப்புகளை எடுத்த லண்டன் தீயணைப்புப் படையின் கட்டுப்பாட்டு அறை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்த அறையில் இருந்தவர்களைப் புண்படுத்தியதில் காதில் விழுந்த அலறலுக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி, எதையும் பார்க்க வழியில்லாமல், பக்கத்து நாற்காலிக்காரர் என்ன சொல்கிறார் என்று தெரியாமல், பழைய விதியின் வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கப்பட்டதால் வந்தது. அழைப்பெடுப்பவர்களின் மனநலம் என்று பேச்செடுத்தாலே கவுன்சலிங்கில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. கவுன்சலிங் வேண்டும்தான். ஆனால் வெள்ளைப் பலகை, மாடி எண், மாற்று ஆள் இவையெல்லாம் சரியில்லாத அறைக்கு எத்தனை ஆலோசகரை அனுப்பினாலும் அடுத்த பெரிய விபத்தில் அதே புண் மறுபடி வரும்.

அறை

பிரிட்டனில் 999 அடித்தால் முதலில் எடுப்பவர் பி.டி. தொலைபேசி நிறுவனத்தின் ஆபரேட்டர். தீயணைப்பா, போலீஸா, ஆம்புலன்ஸா என்று கேட்டு உரிய அறைக்கு இணைத்துவிடுவார். லண்டன் தீயணைப்புப் படைக்கு மாநகரம் முழுமைக்கும் ஒரே கட்டுப்பாட்டு அறை. வழக்கமான இடம் தென்மேற்கில் மெர்ட்டன். அன்றிரவு அங்கே பராமரிப்புப் பணி முன்கூட்டியே திட்டமிடப்பட்டிருந்ததால், கிழக்கே ஸ்ட்ராட்ஃபோர்டில் உள்ள மாற்று அறையில் ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. மாற்று அறை சிறியது. போலீஸ் ஹெலிகாப்டர் டவருக்கு மேலே சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் படம் இந்த அறைக்கு வந்து சேரவில்லை. வெளியே சாலையில் நின்றவர்கள் ஒரு பக்கச் சுவர் முழுக்க எரிவதைக் கண்ணால் பார்த்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி சொல்ல வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

சாதாரணத் தீ அழைப்பு ஓரிரு நிமிட வேலை. முகவரி, என்ன எரிகிறது, யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று கேட்டு, வண்டியை அனுப்பிவிட்டு, வெளியே நிற்கச் சொல்லி, இணைப்பைத் துண்டித்துவிடலாம். தீயில் சிக்கிக்கொண்டவர் அழைத்தால் கணக்கு வேறு. அதற்குத் தீயணைப்புத் துறையில் எஃப்.எஸ்.ஜி. அழைப்பு என்று பெயர். உயிர் பிழைக்க வழி சொல்லும் அழைப்பு. வீரர்கள் அவரிடம் போய்ச் சேரும்வரை, அல்லது அவரே வெளியே வரும்வரை, அல்லது லைன் அறுபடும்வரை ஆபரேட்டர் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. கதவை மூடுங்கள், அடியில் ஈரத் துண்டு வையுங்கள், தரையோடு குனிந்திருங்கள், புகை வராத பக்கத்து ஜன்னலுக்குப் போங்கள். நடுநடுவே நிலைமை மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த விதியை எழுதியவர்கள் மனதில் இருந்தது ஒரே நேரத்தில் ஒன்றோ இரண்டோ அழைப்பு. அன்றிரவு 1.20 தாண்டியதும் 22-ஆம் மாடியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. ஒரு லைனில் ஒருவரோடு இருந்தால் பத்து லைன் எடுக்க ஆளில்லாமல் அடிக்கும். ஆகவே சிலரிடம் பேச்சை முடித்துக்கொண்டு அடுத்ததை எடுக்க வேண்டி வந்தது. சில அழைப்புகளில் கடைசிவரை இருந்தார்கள். 12 வயதுச் சிறுமி ஒருத்தியோடு ஓர் ஆபரேட்டர் ஏறத்தாழ 55 நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சிறுமி பிழைக்கவில்லை. இரண்டில் எது செய்தாலும் விதி எங்கோ ஓரிடத்தில் உடைகிறது, உடைத்தது தான்தான் என்ற எண்ணம் ஆபரேட்டர் மனதில் தங்குகிறது. ஆள்பலத்தில் இருந்த குறை தனிமனிதரின் குற்ற உணர்ச்சியாக மாறுவது இப்படித்தான்.

லண்டன் அறை தாங்காமல் வழிந்த அழைப்புகள் கென்ட், எசெக்ஸ், சர்ரே அறைகளுக்கும், வாரிங்டனில் இருக்கும் வடமேற்கு அறைக்கும் போயின. அங்கிருந்தவர்களுக்குக் கிரென்ஃபெல் டவர் எப்படியிருக்கும் என்றுகூடத் தெரியாது. லண்டனில் என்ன அறிவுரை சொல்கிறார்கள் என்பதைத் திரையில் பார்க்க அவர்களுக்கு வழி இல்லை. தங்களுக்குத் தெரிந்த பொதுவிதியைச் சொன்னார்கள்.

"உள்ளேயே இருங்கள்"

அந்தப் பொதுவிதி முட்டாள்தனமானதல்ல. இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் அடுக்குமாடிக் கட்டடங்கள் ஒவ்வொரு வீடும் ஒரு பெட்டி என்ற கணக்கில் கட்டப்பட்டவை. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் சுவரும் கதவும் அதை அங்கேயே அடக்கி வைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பதுதான் பத்திரம். எல்லோரும் ஒரேயடியாகப் படிக்கட்டுக்கு வந்தால் ஏறும் வீரர்களுக்கும் இறங்கும் மக்களுக்கும் இடம் போதாது. கிரென்ஃபெல்லில் படிக்கட்டு ஒன்றே ஒன்று. அகலம் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

பெட்டிகளுக்கு வெளியே, சுவர்மேல் தீ ஏறினால் இந்தக் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும். ஒரே நேரத்தில் பல மாடிகளில் ஜன்னல் வழியே தீ உள்ளே நுழையும். அப்படி ஆகிவிட்டதை யாராவது கவனித்து, "இனி இந்த அறிவுரை செல்லாது" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் அதிகாரம் களத்திலிருந்த தலைமை அதிகாரிக்கு இருந்தது. அதற்கு வேண்டிய தகவல் கட்டுப்பாட்டு அறைக்கு வந்துகொண்டிருந்தது: 22-ஆம் மாடியில் புகை, 14-இல் புகை, எதிர்ப்பக்கத்து வீட்டில் தீ. இந்த இரண்டும் சந்திக்கும் இடம் எங்குமே இல்லை.

அறைக்குள்ளேயும் இல்லை. ஒவ்வோர் ஆபரேட்டரும் தன் ஹெட்செட்டுக்குள் ஒரு வீட்டை மட்டும் கேட்கிறார். கேட்டதையெல்லாம் ஒன்றுசேர்த்து எல்லோருக்கும் காட்ட ஒழுங்கான ஏற்பாடு இல்லை என்பது விசாரணையின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. பத்துப் பேர் யானையைத் தடவிய கதைதான். பத்தையும் சேர்த்து வரைந்திருந்தால் கட்டடமே எரிகிறது என்று 1.30, 1.40-க்குத் தெரிந்திருக்கும். உள்ளேயே இருக்கச் சொன்ன அறிவுரையை 1.30-க்கும் 1.50-க்கும் இடையில் கைவிட்டிருக்கலாம், கைவிட்டிருக்க வேண்டும் என்றது அறிக்கை.

எட்டு ஆண்டுக்கு முன் ஒரு முன்னோட்டம்

2009 ஜூலை 3. தெற்கு லண்டன் கேம்பர்வெல்லில் லாக்கனல் ஹவுஸ் என்ற 14 மாடிக் கட்டடம். 9-ஆம் மாடியில் தொடங்கிய தீயில் 11-ஆம் மாடியில் இருந்த 6 பேர் இறந்தார்கள், மூவர் குழந்தைகள். அங்கேயும் ஆபரேட்டர்கள் உள்ளேயே இருக்கச் சொன்னார்கள், வீரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று தைரியம் கொடுத்தார்கள். வீரர்கள் நேரத்துக்கு வந்துசேரவில்லை. 2013-இல் முடிந்த மரண விசாரணையிலிருந்து ஒரு பாடம் தெளிவாகவே கிடைத்தது: வீரர்கள் கட்டாயம் வந்து சேர்வார்கள் என்று ஆபரேட்டர் நினைத்துக்கொள்ளக் கூடாது, புகை கூடுகிறது என்றால் வெளியேறும் வழியைக் கேட்டுப்பார்க்க வேண்டும்.

பாடம் ஏட்டில் ஏறியது. ஷிப்டில் உட்கார்ந்திருந்தவர்களிடம் பயிற்சியாகப் போய்ச் சேரவில்லை. ஒரே நேரத்தில் பல எஃப்.எஸ்.ஜி. அழைப்புகளைச் சமாளிப்பது எப்படி, எந்தக் கட்டத்தில் வெளியேறச் சொல்வது, வெளியேற்றம் என்று முடிவானால் என்ன மாறும் என்பதிலெல்லாம் கிரென்ஃபெல் ஆபரேட்டர்களுக்குப் போதிய பயிற்சி தரப்படவில்லை என்றது முதல் அறிக்கை. பெரிய விபத்தில் அறையை எப்படி நடத்துவது என்று மேலாளர்களுக்கும் சொல்லித்தரப்படவில்லை. அதனால் 2017-லும் அடிப்படையில்லாத உறுதிமொழிகள் போயின. "வந்துகொண்டே இருக்கிறார்கள்" என்ற வார்த்தை அழைத்தவருக்கு அந்த நேரத்தில் ஆறுதல். சொன்னவருக்கோ அது பின்னாளில் ஆண்டுக்கணக்கில் தூக்கத்தைக் கெடுக்கிற வார்த்தை.

அதே அறிக்கை, அந்த ஆபரேட்டர்கள் மிகக் கொடுமையான சூழலில் துணிச்சலோடும் கடமை உணர்வோடும் வேலை செய்தார்கள் என்றும் பதிந்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆட்களைப் பற்றிய வாசகம். ஒன்றைப் படித்துவிட்டு மற்றதை விடுபவர்கள் நிறைய.

ஒரு சீட்டின் பயணம்

எங்கே கோணலாயிற்று என்பதைக் கிட்டத்தில் பார்க்க ஒரே ஒரு சீட்டைப் பின்தொடர்ந்தால் போதும்.

அழைப்பில் இருக்கும் ஆபரேட்டர் வீட்டு எண், மாடி, எத்தனை பேர், புகை எங்கே என்று எழுதுகிறார். சீட்டு மேற்பார்வையாளரிடம் போகிறது. டவருக்கு அருகே நிற்கும் கமாண்ட் யூனிட் வண்டிக்கு அது வயர்லெஸில் வாசிக்கப்படுகிறது. வண்டியில் இருப்பவர் காதால் கேட்டு வேறொரு சீட்டில் எழுதுகிறார். அதை ஒருவர் எடுத்துக்கொண்டு, மேலிருந்து எரிந்து விழும் துண்டுகளைத் தாண்டி, கட்டடத்துக்குள் ஓடுகிறார். உள்ளே பிரிட்ஜ்ஹெட் என்ற இடம்; மூச்சுக்கருவி மாட்டிய வீரர்களை மேலே அனுப்பும் முனை. அங்கே இருக்கும் அதிகாரி அந்தத் தகவலைச் சுவரில் எழுதுகிறார். பிறகு இரண்டு வீரர்களிடம் வாயால் சொல்லி மேலே அனுப்புகிறார். ஆறு கை. கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு எண் பிசகலாம், ஒரு சீட்டு விழலாம், பத்து நிமிடம் பழையதாகலாம். பழைய சீட்டை நம்பி 20-ஆம் மாடிக்கு ஏறும் வீரரின் சிலிண்டரில் இருப்பதோ அளந்து வைத்த காற்று.

மாடி எண்ணில் இன்னொரு சிக்கல் இருந்தது. 1970-களில் கட்டியபோது முதல் குடியிருப்பு மாடிக்கு 1 என்று பெயர். வீடுகள் 11 முதல் 16 வரை. 11-ஆம் மாடி என்றால் 111 முதல் 116 வரை. வீட்டு எண்ணைக் கேட்டாலே மாடி தெரிந்துவிடும். 2016-இல் முடிந்த புதுப்பிப்பு வேலையில் கீழ்த்தளங்களிலும் வீடுகள் கட்டி, மாடி எண்களை மாற்றினார்கள். பழைய 1 இப்போது 4. வீட்டு எண்கள் அப்படியே இருந்தன. ஆகவே 113-ஆம் வீடு 11-இல் இல்லை, 14-இல். 195-ஆம் வீடு 22-இல். வீட்டு எண்ணின் முன்பகுதியோடு 3 கூட்ட வேண்டும் என்பது குடியிருப்பவருக்குப் பழகிப்போயிருக்கும். வாரிங்டனில் போனை எடுத்தவருக்கு எப்படித் தெரியும்? இருட்டிலும் புகையிலும் ஏறும் வீரருக்கு உதவப் படிக்கட்டுத் திருப்பங்களில் தெளிவான எண்களும் இல்லை. இருந்த குறிகளும் புதிய கணக்குக்கு மாற்றப்படவில்லை.

ஆபரேட்டரின் மனநலத்துக்கும் படிக்கட்டில் எழுதிய எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இதுதான்: மாடியைச் சரியாகக் கேட்டு, எழுதி, அனுப்பிவிட்டேன் என்ற நிம்மதிதான் அந்த நாற்காலியில் ஒருவரை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. தான் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று அன்றிரவு யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் சீட்டு ஒரு பக்கமாகத்தான் போயிற்று. மேலே போனவர்கள் யாரைக் கண்டார்கள், எந்த வீட்டை எட்ட முடியவில்லை என்ற பதில் கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பவில்லை. எட்ட முடியாத வீட்டுக்காரரிடம் "வருகிறார்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்க நேர்ந்தது அதனால்தான்.

2.35, 2.47

அதிகாலை 2.35 வாக்கில் கட்டுப்பாட்டு அறையின் மேலாளர் ஒரு முடிவெடுத்தார்: இனி அழைப்பவர்களை வெளியேறச் சொல்லுங்கள். 2.44-க்குக் களத்தில் தலைமை ஏற்ற உதவி ஆணையர் ஆண்ட்ரூ ரோ, 2.47-க்கு அதே முடிவை எடுத்தார். 12 நிமிட இடைவெளியில் ஒரே முடிவு இரண்டு இடத்தில். ஒருவர் எடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

முடிவு மாறிய பிறகும் வேலை எளிதாகவில்லை. ஒரு மணி நேரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு இரு என்று கேட்டுப் பழகியவரிடம், இப்போது கருப்புப் புகைக்குள் இறங்கு என்று சொல்ல வேண்டும். "முடிந்தால் வரப் பாருங்கள்" என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள்; அன்றிரவு சில அழைப்புகளில் வாசகம் இப்படி மென்மையாகத்தான் போயிற்று. இந்த இடத்தில் கனிவான குரல் ஆளைக் கொல்லும். சொல்ல வேண்டியது: "இப்போதே கிளம்புங்கள். வீரர்கள் உங்களிடம் வர முடியாது. ஈரத்துணியை மூக்கில் கட்டுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள், எதற்கும் நிற்காதீர்கள், ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளுங்கள்." பயிற்சி இல்லாமல் யாருக்கும் இந்த வாக்கியம் வாயில் வராது, ஏனென்றால் அதற்குள் "நீங்கள் இறந்தும் போகலாம்" என்பது ஒளிந்திருக்கிறது. கையில் எழுதி வைத்திருக்க வேண்டிய வாசகம் இது. யோசித்துச் சொல்லக் கூடியது இல்லை.

முன்பே பேசி முடித்துவிட்ட அழைப்புகள் இன்னொரு கேள்வி. 1.40-க்கு ஒருவரிடம் உள்ளேயே இருக்கச் சொல்லி லைனை வைத்தாயிற்று. 2.35-க்கு அறிவுரை மாறுகிறது. அவருக்கு யார் சொல்வது? யார் யாருக்குக் கடைசியாக என்ன சொன்னோம் என்ற பட்டியல் இருந்தால் திரும்ப அழைக்கலாம்.

காதில் தங்குவது

இந்த வேலையில் வரும் காயத்துக்குச் சில தனி அடையாளங்கள் உண்டு.

முதலாவது, முடிவு தெரியாமை. களத்தில் நிற்பவர் தூக்கிவந்த ஆளைப் பார்க்கிறார், இறந்தவரையும் பார்க்கிறார். ஆபரேட்டருக்கு லைன் அமைதியாகிறது, அவ்வளவுதான். ஆள் வெளியேறினாரா, பேட்டரி தீர்ந்ததா, மூச்சு நின்றதா? மனம் மூன்றில் மோசமானதை எடுத்துக்கொண்டு அதற்குப் படமும் வரைந்துகொள்ளும். கண்ணால் பார்க்காதவர்களுக்கு வேதனை குறைவு என்று நினைப்பது தவறு. பார்க்காத காட்சிக்கு எல்லையே கிடையாது.

இரண்டாவது, உடம்பு அசையாமை. ஆபத்தைக் கேட்டதும் இதயம் வேகமெடுக்கிறது, தசை இறுகுகிறது. வீரர் ஓடுகிறார், ஏறுகிறார், உடைக்கிறார். இவர் ஒரு மீட்டர் கம்பியின் முனையில் நாற்காலியில் இருக்கிறார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனபின் கை நடுங்குவது, சாதாரண ரிங்டோனுக்குத் திடுக்கிடுவது, குளிக்கும்போது ஒரு குழந்தையின் குரல் திரும்பக் கேட்பது எல்லாம் இங்கிருந்து வருபவை.

மூன்றாவதுதான் கிரென்ஃபெல்லில் கனமானது: தான் சொன்ன வார்த்தையே ஒருவரை அங்கே நிறுத்தி வைத்தது என்ற எண்ணம். பயத்தால் வரும் பாதிப்புக்கான சிகிச்சை இதை முழுதும் தொடாது. அதோடு, அழைப்புகள் எல்லாம் பதிவாகின்றன. கேள்வி கேட்க வந்த வழக்கறிஞர் கையில் அன்றைய உரையாடல் வரிவரியாக அச்சில் இருந்தது. 2018-இல் ஆபரேட்டர்கள் பொது விசாரணையில் சாட்சி சொன்னார்கள். அதிகாலை 2 மணிக்குப் பத்து வினாடியில் சொன்ன வாக்கியத்தை ஒரு வருடம் கழித்து வெளிச்சத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது. பெரிய விபத்துக்குப் பின் இந்த இரண்டாம் கட்டம் நிச்சயம் வரும். அதற்கான துணையையும் முதல் வாரத்திலேயே திட்டமிட வேண்டும்.

துறைகள் இதை உணர நாளாயிற்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு, தொழில் நிமித்தம் கொடூரங்களின் விவரங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆட்படுவதையும் பி.டி.எஸ்.டி. என்னும் உளக்காய நோய்க்குக் காரணமாக ஏற்றது. 2012-இல் வடக்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 மாநிலங்களில் 171 அழைப்பெடுப்பவர்களிடம் விசாரித்தபோது, அதிக வேதனை தந்தவற்றில் முதலிடத்தில் இருந்தவை குழந்தைகள் எதிர்பாராமல் காயப்படுவது அல்லது இறப்பது பற்றிய அழைப்புகள். ஆனால் அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாட்டில் 911 ஆபரேட்டர் இன்னும் அலுவலக எழுத்தர் வரிசையில்தான் இருக்கிறார். நீச்சல்குளக் காவலர் பாதுகாப்புப் பணியாளர் வரிசையில் இருக்கிறார். நீச்சல்குளக் காவலர்மேல் நமக்குக் கோபம் ஒன்றுமில்லை.

அறையில் செய்ய வேண்டியவை

மேற்பார்வையாளர் ஹெட்செட் மாட்டக் கூடாது. அழைப்பு குவியும்போது முதலில் உடையும் விதி இதுதான். கை குறைகிறதே என்று அவரும் ஒரு லைனை எடுப்பார், அது முக்கால் மணி நேர எஃப்.எஸ்.ஜி. ஆகிவிடும், அறையில் மொத்தப் படத்தைப் பார்ப்பவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

வெள்ளைப் பலகையில் ஆறு பத்தி போதும்: மாடி, வீடு, ஆட்கள், நடக்க முடியாதவர், கடைசியாகச் சொன்ன அறிவுரை, நேரம். எழுதுவதற்கென்றே ஓர் ஆள், அவர் போன் எடுக்கமாட்டார். மூன்று மாடிகளில் மூன்று வீடு என்று பலகையில் விழுந்தவுடன் களத் தலைவரிடம் "உள்ளே இருக்கச் சொல்வது இன்னும் செல்லுமா?" என்று வாய்விட்டுக் கேட்கும் கடமை மேற்பார்வையாளருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். கேட்கலாம் என்று இருந்தால் கேட்கமாட்டார்கள். கேட்டே ஆக வேண்டும் என்று இருக்கட்டும்.

நீண்ட அழைப்பில் இருக்கும் ஆபரேட்டருக்குப் பின்னால் ஒருவர் உட்காரட்டும். பேசுபவர் பேசட்டும், பின்னால் இருப்பவர் எழுதட்டும், தகவலை அனுப்பட்டும், தண்ணீர் கொடுக்கட்டும். தோளில் ஒரு கை இருப்பது பெரிய விஷயம். இப்படி இரட்டை ஆள் வைக்க, வீட்டில் இருப்பவர்களை அழைத்துவரும் பட்டியல் முதல் கால் மணி நேரத்திலேயே புரளத் தொடங்க வேண்டும்.

அழைப்பு மரணத்தில் முடிந்தால் அந்த ஆளை உடனே லைனிலிருந்து எடுத்துவிட வேண்டும். "வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார்; அதை நம்ப வேண்டாம். கொஞ்சம் நடக்கவிட வேண்டும், உடன் ஒருவர் போக வேண்டும், யோசனை சொல்லக் கூடாது. வீட்டுக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போகவிடக் கூடாது. என்ன ஆயிற்று என்ற தகவல், கெட்ட செய்தியாக இருந்தாலும், டிவி சொல்லும் முன் மேலதிகாரி வாயால் அவருக்கு வந்து சேர வேண்டும்.

மறுநாளே எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து நடந்ததை விவரமாகப் பேசச் சொல்லும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ஆம் ஆண்டு வழிகாட்டலில், பி.டி.எஸ்.டி.-யைத் தடுக்க அப்படிப்பட்ட உளவியல் அமர்வுகளை நடத்த வேண்டாம் என்றே சொல்கிறது. அதற்குப் பதில், கவனித்துக்கொண்டிருப்பது. அறிகுறி நீடித்தால் உளக்காயத்துக்கான பேச்சுச் சிகிச்சைக்கோ இ.எம்.டி.ஆர். என்ற கண்ணசைவு முறைக்கோ அனுப்புவது. ராயல் மரீன் படையில் உருவான ட்ரிம் முறையில், பயிற்சி பெற்ற சக ஊழியரே சம்பவத்துக்கு மூன்று நாள் கழித்து ஒரு தடவையும் ஒரு மாதம் கழித்து ஒரு தடவையும் உட்கார்ந்து பேசுகிறார். தூக்கம், எரிச்சல், குடி, குற்ற உணர்ச்சி இவை கூடியிருக்கின்றனவா என்று பார்ப்பார், மருத்துவம் செய்யமாட்டார். ஷிப்டில் வேலை செய்பவர்களுக்கு இது ஒத்துவருகிறது, ஏனென்றால் விசாரிப்பவருக்கு அந்த நாற்காலி தெரியும். இரவு ஷிப்ட்காரருக்குப் பகல் 11 மணிக்கு ஆலோசகர் நேரம் ஒதுக்கும் நிர்வாகங்களும் இருக்கின்றன. அப்படி ஒதுக்கினால் யாரும் வரமாட்டார்கள். ஆர்வமில்லை என்று கோப்பில் எழுதப்படும்.

இன்னொன்று, சாட்சி சொல்லப் போகும் ஊழியருக்கு முன்கூட்டியே தன் பதிவைத் தனிமையில், துணையோடு, நிறுத்தி நிறுத்திக் கேட்க வாய்ப்புத் தர வேண்டும். பொது அறையில் முதல் முறை கேட்க விடக் கூடாது.

பிறகு மாறியவை

முதல் அறிக்கையின் பரிந்துரைகளில் கட்டுப்பாட்டு அறைக்கு உரியவை பல: ஒரே நேரத்தில் பல எஃப்.எஸ்.ஜி. அழைப்புகளைக் கையாளும் விதி, "இரு"-விலிருந்து "வா"-வுக்கு மாறும் பயிற்சி, உதவிக்கு வரும் வேறு அறைகளுக்கும் அதே தகவல் தெரிய வழி, ஆபரேட்டர் தட்டச்சு செய்ததும் கமாண்ட் யூனிட்டிலும் பிரிட்ஜ்ஹெட்டிலும் ஒரே நேரத்தில் தோன்றும் மின்னணு முறை. லண்டன் படை பிறகு அப்படியொரு செயலியைக் கொண்டுவந்தது. ஆறு கை மாறிய சீட்டுக்குப் பதில் ஒரு திரை. திரையும் ஒருநாள் அணையும் என்பதால் பேனாவும் பலகையும் அலமாரியில் இருக்க வேண்டும். ஸ்ட்ராட்ஃபோர்டு போன்ற மாற்று அறையிலும் மாதம் ஒருமுறையாவது முழு ஒத்திகை நடக்க வேண்டும்.

2024 செப்டம்பர் 4-இல் வந்த இறுதி அறிக்கை, லாக்கனல் ஹவுஸுக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த பயிற்சிக் குறையைப் படையின் மேல்மட்டத்தின் பொறுப்பாக வைத்தது. நாற்காலியில் இருந்தவர்கள் ஏழு ஆண்டாகச் சுமந்ததில் ஒரு பங்கு உரிய இடத்துக்குப் போயிற்று.

படிக்கட்டு எண்களும் மாறின. இங்கிலாந்தில் 2023 ஜனவரி 23 முதல் நடப்புக்கு வந்த விதிப்படி, 18 மீட்டருக்கோ ஏழு மாடிக்கோ குறையாமல் உள்ள குடியிருப்புக் கட்டடங்களில் ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்திலும் மாடி எண்ணும் அங்குள்ள வீட்டு எண்களும் மங்கிய வெளிச்சத்திலும் தெரியும்படி பொறிக்கப்பட வேண்டும். இனி அப்படிப்பட்ட கட்டடத்தில் 113-ஆம் வீட்டுக்காரர் போன் செய்தால், அது எத்தனையாவது மாடி என்பதை ஏறும் வீரர் சுவரிலேயே பார்க்கலாம்.